டவுன்ஹவுஸ் வாசலில் அப்பாவுக்கு ஒரு சாய்தளம்

டாலஸில் எங்கள் டவுன்ஹவுஸ் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) வாசல்படி 7 அங்குல உயரம். அப்பாவின் சக்கர நாற்காலி ஏறாது. சாய்தளம் கேட்டோம். லிஃப்ட் இல்லாத மாடி டவுன்ஹவுஸுக்கு ஃபேர் ஹவுசிங் சட்டத்தின் (வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம்) மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்று சொல்லி, குடியிருப்போர் சங்கம் மறுத்தது. விலக்கு உண்மைதான். ஆனால் அது கட்டுபவருக்கானது. மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் சொந்தச் செலவில் செய்துகொள்ள விடாமல் தடுப்பதை அதே சட்டம் பாகுபாடு என்கிறது. இதைக் குறிப்பிட்டு, வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தேன், அனுமதி வந்தது. 1:12 சரிவு, அதாவது 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்; அதனால் 7 அடி நீளம்.

அப்புறம் கீழ்த்தளக் குளியலறை; சக்கர நாற்காலி நுழைய அதன் கதவு வழி குறுகல். சாதாரணக் கீலைக் கழற்றிவிட்டு, திறக்கும்போது கதவை வழியிலிருந்து முழுக்க விலக்கிவிடும் கீலைப் போட்டேன். கதவின் தடிமன் அளவுக்கு இடம் கூடியது. கதவு நிலையை இடிக்க வேண்டியிருக்கவில்லை.