குன்னூரில் அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஆகிவிட்டீர்களா? முதல் வருடத்துக்கான செய்முறை

மே மாதப் பொதுக்கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. ஆனால் டீ கொடுக்க எழுந்து நின்றேன், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கை தட்டிவிட்டார்கள். அப்படித்தான் பலரும் செக்ரட்டரி ஆகிறார்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

எங்களுடையது 24 வீடு. வருடம் முழுக்க ஆள் இருப்பது ஒன்பதில்தான். மற்றவை சென்னை, கோவை, பெங்களூர்க்காரர்களின் பூட்டிய வீடுகள். ஏப்ரல், மே சீசனில் திறக்கும். நான் பொறுப்பேற்றபோது இரண்டு வாட்ச்மேன், பெருக்கித் துடைக்க ஓர் அக்கா, தோட்டத்துக்கு ஓர் அண்ணன். மலையில் கட்டிட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் லிஃப்ட் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாத் தொல்லையும் உண்டு.

முதல் வேலை: முதலாளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்

நான் பொறுப்பேற்ற மூன்றாம் வாரம். குன்னூரில் நகராட்சித் தண்ணீர் தினமும் வராது. ரேலியா அணையை நம்பியிருக்கிற ஊர், பல நாள் இடைவெளி விட்டுத்தான் திறப்பார்கள். அன்று காலை எங்கள் லைனில் தண்ணீர் வந்தது. பகல் வாட்ச்மேன் வால்வைத் திறக்கப் போனபோது சென்னையிலிருந்து போன்: "என் பால்கனியில் குரங்கு புகுந்திருக்கிறதா, மேலே போய்ப் பார்." பார்த்துவிட்டு இறங்கும்போது பெங்களூரிலிருந்து போன்: "கெஸ்ட் வருகிறார்கள், சாவி எடுத்துப் போய் கீசரைப் போட்டு வை." அவர் சம்ப் பக்கம் திரும்பியபோது தண்ணீர் நின்றுவிட்டது. எட்டு நாள் தண்ணீர் போச்சு.

வாட்ஸ்ஆப் குரூப்பில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானும் என் பங்குக்கு கேட் முன்னாலேயே, நாலு பேர் பார்க்க, சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து, வந்த அழைப்புகளின் பட்டியலை மட்டும் காட்டினார். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பதினொரு அழைப்பு, ஏழு வீட்டுக்காரர்கள். மறுநாள் அதே கேட் முன்னால், அதே நாலு பேர் இருக்கும்போது, "அண்ணே, நான் பேசியது தப்பு" என்று சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் திட்டியது நடுவாசலில் ஆயிற்றே.

அந்த வாரமே நாங்கள் செய்தது இது. குரூப்பில் ஒரு செய்தி போட்டோம்: பணியாளர்களுக்கு வேலை சொல்வது ஒரே ஒருவர், செக்ரட்டரி, அவர் ஊரில் இல்லையென்றால் பொருளாளர். வீட்டுக்காரர்கள் வாட்ச்மேனை நேரடியாகக் கூப்பிடலாம், ஆனால் தீ, திருடன், மருத்துவ அவசரம், காட்டு விலங்கு இந்த நான்குக்கு மட்டும். மற்றதெல்லாம் எனக்கு மெசேஜ். கேபினில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டோம்: தேதி, வேலை, சொன்னவர், முடித்தவர். சொந்த வேலை செய்து தர வேண்டுமென்றால் ஷிப்ட் முடிந்த பிறகு, பணியாளருக்கு விருப்பம் இருந்தால், அதற்குத் தனிக் கூலி.

இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். "நாங்களும் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே" என்றார்கள். கட்டுகிறீர்கள், சரி. சம்பளத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு உங்களுடையது, அவருடைய நாள் முழுவதும் உங்களுடையது இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த ஒரு சண்டையை நீங்கள் போட்டால்தான் பணியாளர்கள் உங்களை நம்புவார்கள்.

இரண்டாவது: சம்பளத் தேதி

எங்களிடம் சம்பளம் "மெயின்டனன்ஸ் வசூலானதும்" கொடுக்கப்பட்டு வந்தது. அதாவது சில மாதம் 5, சில மாதம் 17. பொருளாளரிடம் பேசி, இரண்டு மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கினோம். வசூல் வந்தாலும் வராவிட்டாலும் 1ஆம் தேதி அந்தக் கணக்கிலிருந்து வங்கி மூலம் சம்பளம் போய்விடும், வசூலானதும் அதை நிரப்பிக்கொள்வோம். பாக்கி வைக்கும் வீட்டுக்காரர்களின் பிரச்சினை சங்கத்துடையது, பெருக்க வரும் அக்காவுடையது அல்ல. தொகையை நீங்களாக முடிவு செய்யாமல், அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தையும் கூடுதல் நேரச் சம்பளத்தையும் தொழிலாளர் துறை அறிவிப்பில் பாருங்கள். அகவிலைப்படி ஏப்ரலில் மாறும், அந்த மாதம் மறுபடி பாருங்கள்.

சங்கப் பதிவைப் பற்றி ஒரு வரி. 1994 அபார்ட்மென்ட் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாட்டின் 2022 சட்டம் 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பழைய விதிமுறைகளை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது: விடுப்பும் பஸ்ஸும்

இரண்டு வாட்ச்மேன் என்றால் வார விடுப்பு என்பது காகிதத்தில்தான். மூன்றாவது ஆள் எடுக்கலாம் என்றதும் கூட்டத்தில் முணுமுணுப்பு. அதனால் கணக்கை வீட்டுக்கு வீடு பிரித்துக் காட்டினேன். மாதம் 15,000 ரூபாய் என்றால் வீட்டுக்கு 625. சீசனில் ஒரு ராத்திரி ஹோட்டல் அறைக்கு ஆவதை விடக் குறைவு. ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஷிப்ட் நேரம். பகல் ஆள் இரவு எட்டு மணிக்கு மாற வேண்டும் என்பது பழைய விதி. அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஏழே முக்கால். அதனால் தினமும் ஏழரைக்கே "தலைவலி சார்". வருடக்கணக்காக அவரைச் சோம்பேறி என்று எழுதி வைத்திருந்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தை ஏழாக்கினோம், தலைவலி போய்விட்டது. உங்கள் பணியாளர்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நாளைக்கே கேளுங்கள்.

பண்டிகை விடுப்பை தீபாவளி, பொங்கலோடு நிறுத்தாதீர்கள். அக்கா படுகர் வீட்டுப் பெண். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவருக்கு வேலை ஓடாது. ஒரு வாட்ச்மேனுக்கு கிறிஸ்துமஸ். இன்னொருவருக்கு சித்திரையில் தந்தி மாரியம்மன் திருவிழா. ஜனவரியிலேயே உட்கார வைத்து, காலண்டரில் அவரவர் தேதியை அவரவர் கையாலேயே வட்டமிடச் சொல்லுங்கள். யார் யாருக்கு மாற்று என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள்.

நான்காவது: குளிர், மழை, கரடி

ரெயின்கோட்டும் கம்பூட்டும் செப்டம்பரிலேயே வாங்குங்கள். குன்னூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கொட்ட ஆரம்பித்த பிறகு வாங்கினால் பாதி சீசன் போயிருக்கும். அவரவர் அளவுக்கு வாங்க வேண்டும். எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பர் பூட் வாங்கிப் போட்ட பழைய கமிட்டியின் கதை இன்னும் இங்கே சிரிப்புக்கு ஓடுகிறது.

இரவுக் கேபினுக்குள் கரி அடுப்பு மட்டும் கூடாது. மூடிய அறையில் கரிப்புகையோடு கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குபவருக்குத் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர், ஒரு கெட்டில், நல்ல கம்பளி இவற்றைச் சங்கச் செலவில் வாங்கிக் கொடுங்கள்.

காட்டுமாடு கேட்டுக்குள் வந்தால் விரட்டச் சொல்லாதீர்கள். விலகி நின்று, வழி விட்டு, வனத்துறைக்குப் போன். அந்த எண் கேபின் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கரடி வருவது பெரும்பாலும் சாப்பாட்டுக் குப்பைக்கு. அதனால் ஈரக் குப்பையை ராத்திரி வெளியே வைக்கக் கூடாது, காலையில் வண்டி வரும் நேரத்துக்குத்தான் என்று விதி. இதை மீறுவது விருந்தினரும் வீட்டுக்காரரும்தான். அவர்களிடம் போய்ச் சொல்லும் வேலையை அக்காவின் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் போய்க் கதவைத் தட்டுங்கள்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செப்டிக் டேங்க்கில் அடைப்பு என்றால் "தோட்டக்கார அண்ணனை இறக்கிப் பார்க்கலாம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம். இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. விஷவாயுவுக்கு அதெல்லாம் தெரியாது, இரண்டே நிமிடம். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், லாரி வர முடியாத சரிவு என்றால் நீளமான ஹோஸ் உள்ள லாரியைத் தேடுங்கள்.

ஐந்தாவது: தெரிந்தவரிடம் கேளுங்கள்

பாராட்டுச் சான்றிதழ், "இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்" எல்லாம் ஐந்து பேர் வேலை செய்கிற இடத்தில் எடுபடாது. ஐந்தாவது மாதம் எல்லாருக்கும் கிடைத்துவிடும்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. தோட்டக்கார அண்ணன் இளமையில் டீ எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஒரு நாள் சும்மா, "இந்தத் தோட்டத்தில் உங்களுக்கு எது கவலை?" என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். அதில் வரிசையாகத் தண்ணீர் வடிவதற்கான ஓட்டைகள். பாதிக்கு மேல் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. ஒரு கம்பியை எடுத்து ஓர் ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். முதலில் கொஞ்சம் சேறு, அப்புறம் ஒரு வேர்க்கொத்து, பிறகு சட்டென்று தண்ணீர் பீய்ச்சி என் செருப்பை நனைத்தது. "மழை குடித்த மண் சுவரைத் தள்ளும் சார். தண்ணிக்கு வழி இல்லைன்னா சுவரே போயிரும்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது, கலங்கலாக வந்துகொண்டே இருந்தால் பின்னால் மண் கரைகிறது, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு வருடமாக அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரிடம் என்றால், கேட்டைத் திறந்து காரில் போனவர்களிடம். இப்போது செப்டம்பர் கடைசி வாரம் சுவர் பார்ப்பது அவர் பொறுப்பு. எத்தனை ஓட்டை சுத்தம், எது கலங்கல் என்று நோட்டில் எழுதுகிறார், நான் அதைப் படமெடுத்து அவர் பெயரோடு குரூப்பில் போடுகிறேன். மே கூட்டத்தில் சுவரைப் பற்றிப் பேசியதும் அவர்தான், நாற்காலியில் உட்கார்ந்து.

கடைசியாக: அடுத்த செக்ரட்டரிக்கு ஒரு ஃபைல்

இதை முதல் மாதமே தொடங்குங்கள். பதவி முடியும்போது எழுத உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும். பணியாளர்களின் ரத்த வகை, வீட்டு எண்கள், சம்பளப் பதிவு, லாரித் தண்ணீர்க்காரர், பிளம்பர், வனத்துறை எண்கள், எந்த வீட்டுச் சாவி யாரிடம் என்ற பட்டியல். அதோடு வால்வுகளின் வரைபடம். எங்கள் வால்வுகளில் சம்ப் பக்கத்தில் இருக்கும் நான்காவது மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். அதற்கு வாட்ச்மேன் அண்ணன் சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறி போட்டு, கீழே "இது கோணல் பயல்" என்று எழுதி வைத்திருக்கிறார்.