காசை ரூபாயில வைக்கிறதோ பவுண்ஸில வைக்கிறதோ, பார்க்கிற விதம்

லண்டன்ல இருந்து தம்பி இலங்கைக்கு அனுப்புற காசை என்ன செய்யிறதெண்டு யோசிக்கிற ஆக்களுக்கு இது. வட்டியை மட்டும் பார்க்காதேங்கோ, முதல்ல வட்டியில இருந்து பணவீக்கத்தைக் கழிச்சுப் பாருங்கோ. வட்டி 25 வீதம், பணவீக்கம் 70 வீதம் எண்டு வையுங்கோ (2022 செப்டம்பர்ல கிட்டத்தட்ட 70 தான்), லட்சம் ரூபா 1,25,000 ஆகும், ஆனா அதே சாமானுக்கு 1,70,000 வேணும், அப்ப நட்டம் தானே.

அடுத்தது நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா நின்ற டொலர் மே மாசம் 350ஐத் தாண்டினது. ஆனா எப்பவும் அப்பிடி ஏறாது, வெளிநாட்டு நாணயக் கணக்கில வட்டியும் குறைவு. அதால ஆறு மாசச் செலவை ரூபாயில வைச்சிட்டு மிச்சத்தை ரூபாயிலயும் பவுண்ஸிலயும் பிரிச்சு வையுங்கோ, என்ர கணக்கு அது தான்.

எல்லாரும் ரூபாயை விட்டு டொலர், நகை, காணி எண்டு ஓடினால் வங்கியில கடன் குடுக்கக் காசு குறையும், வட்டி ஏறும், டொலரும் ஏறும். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில வெங்காயம் செய்யிறவர் பம்புக்கு மண்ணெண்ணெய், உரம் எல்லாம் இறக்குமதி விலையில வாங்கோணும், கடனும் எடுக்கேலாது, பிறகென்ன, அரைவாசித் தோட்டத்தைச் சும்மா விடுவார். 2022ல நாட்டின்ர பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல சுருங்கினதில இதுகளுக்கும் பங்கு இருக்கு.