சூழலுக்கு இசைந்த வீடு: கட்டும்போது நேரும் தவறுகள்

தமிழ்நாட்டுச் சமவெளியில் சூழலுக்கு இசைந்த வீடு கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சுவரை எதனால் கட்டலாம் என்பதைத்தான். மண் கட்டியா, சுட்ட செங்கல்லா, சுண்ணாம்பா என்ற யோசனையிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஆனால் அந்த வீட்டில் மின்விசிறியோடு மட்டும் கோடையைக் கழிக்க முடியுமா என்பதை, கட்டுமானப் பொருள் வந்து இறங்குவதற்கு முன்பே வரைபடம் தீர்மானித்துவிடுகிறது. பொருளைப் பற்றிய தவறுகளைவிட வெயிலையும் காற்றையும் பற்றிய தவறுகளே அதிக இழப்பைத் தருகின்றன; கட்டி முடித்தபின் அவற்றைத் திருத்துவதும் கடினம்.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சியிலிருந்து சற்று வடக்கே விலகியே நிற்கிறது. ஆகவே கோடையில் வீட்டைச் சுடவைப்பது தெற்குச் சுவர் அன்று. முதலில் கூரை, அடுத்து மேற்கு, கிழக்குச் சுவர்கள். குளிர்நாட்டு வீடுகளில் தெற்கே பெரிய கண்ணாடிச் சன்னல் வைப்பது, குளிர்காலத்துச் சாய்வு வெயிலை உள்ளே அழைத்துக்கொள்வதற்காக. நமக்கு அந்தத் தேவையே இல்லாதபோது அந்த வடிவத்தை இங்கே கொண்டுவருவது முதல் தவறு. தெற்குச் சன்னலை இரண்டடி சன்ஷேடு பெருமளவு காத்துவிடும். மேற்கில் மாலையில் தாழ்ந்து வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அதற்குத் தாழ்வாரமோ, செங்குத்தான தடுப்போ, புங்கை, வேம்பு போன்ற மரமோதான் வேண்டும். வாஸ்துப்படி கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், படுக்கையறை வைக்கும் குடும்பங்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த நம்பிக்கையோடு வாதிட வேண்டியதில்லை. அந்த அறையின் மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்தால் போதும்.

கூரை விஷயத்தில் நாம் கையிலிருந்த அறிவையே கைவிட்டோம் என்பது என் வருத்தம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் இறக்குகிறது. நாம் தூங்கப் போகும் நேரத்தில் மேற்கூரையிலிருந்து வெக்கை இறங்குவது இதனால்தான். முன்பு தளத்தின்மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்தார்கள். அது மழைநீரை வடியச் செய்ததோடு வெப்பத்தையும் தாமதப்படுத்தியது. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான். அதை வெட்டிவிட்டு, மிச்சப்பட்ட பணத்தில் குளிர்சாதனமும் அதை ஓட்டச் சூரிய மின்தகடும் வாங்குவதைப் பசுமைக் கட்டடம் என்று அழைப்பது பொருந்தாது. தட்டோடு பதிக்க வசதியில்லாதவர்கள் மாடியில் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வேறுபாட்டை உணர்வார்கள்.

முற்றம் வைக்கிறவர்கள் செய்யும் தவறு மனதை இன்னும் உறுத்துகிறது. செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சூடான காற்று மேலேறி வெளியேறவும், இரவில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கவும், வெளிச்சம் நடு வீட்டை எட்டவும் அது திறந்திருந்தது. இன்று ஆசையாக முற்றம் கட்டி, மழைக்கும் குரங்குக்கும் பயந்து, அதன்மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய கணமே அது வீட்டின் நடுவில் வெப்பம் சேரும் பெட்டியாகிவிடுகிறது. மூடத்தான் வேண்டுமென்றால், தகட்டைச் சுவருக்குமேல் இரண்டடியாவது உயர்த்தி நான்கு பக்கமும் கம்பி வலையோடு திறந்துவிட வேண்டும்.

கனத்த மண்சுவர் எங்கும் குளுமை தரும் என்பது பாதி உண்மை. வேலூர், திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட வெயிலுக்கு அது நன்றாக உதவும். புழுக்கம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இரவிலும் வெப்பநிலை அதிகம் இறங்காததால், சுவரின் கனத்தைவிட எதிரெதிர்ச் சன்னல்கள் வழியே ஓடும் காற்றே பெரிது.

இனி மண் கட்டிகளுக்கு வருவோம். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989 முதல் இத்துறையில் செய்துவரும் பணியால், ஏறக்குறைய 5% சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய சுடாத மண் கட்டி பரவலாக அறிமுகமாகியிருக்கிறது. அதை நம்பிப் பலரும் மனையில் கிடைத்த மண்ணைச் சோதிக்காமலே அழுத்தத் தொடங்குகிறார்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும். சிமெண்ட் அதைக் கட்டுப்படுத்துவதைவிடச் சுண்ணாம்பு நன்றாகக் கட்டுப்படுத்தும். மேல்மண் பயிருக்குரியது, கட்டிக்கு ஆகாது. அதை ஒதுக்கி வைத்துத் தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும். அழுத்திய கட்டிகளை நான்கு வாரம் ஈரம் காயாமல் நிழலில் காக்க வேண்டும். அவசரத்தில் பத்தாம் நாளே சுவர் ஏற்றிவிட்டு, பிறகு மண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரியில் கட்டிகளை வரவழைப்பதும் இந்த முறையின் நோக்கத்துக்கே எதிரானது. அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்துச் சூளைச் செங்கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதே மேல்.

சிக்கனத்துக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு நல்ல வழி. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் இந்த முறையில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது; உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. பழக்கமில்லாத கொத்தனார் அந்த இடைவெளியைக் கலவையால் நிரப்பிவிட்டால் இரண்டு பயனும் போய்விடும். மின்குழாய்கள் எங்கே செல்லும் என்பதை முன்னரே முடிவு செய்யாமல், கட்டியபின் சுவரைக் குடைவதும் இங்கே பெரும் தவறு. ஆகவே முதல் நாள் ஒரு சிறு மாதிரிச் சுவரைக் கட்டச் செய்து, மேஸ்திரியோடு நின்று பார்ப்பது நல்லது. இத்தனையும் செய்தபின் இரு பக்கமும் சிமெண்ட் பூசினால் மிச்சம் பிடித்ததெல்லாம் பூச்சுக்கே போய்விடும்.

கடைசியாகத் தரை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் நீர். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு சிறு வீட்டு மாடியே லட்சம் லிட்டருக்குமேல் தருகிறது. அனுமதிக்காக மழைநீர் இறங்கும் குழி தோண்டிவிட்டு, முற்றத்தையும் வாசலையும் சிமெண்ட் கல்லால் முழுக்க மூடுகிற வீடுகளில் அந்த நீர் தெருவுக்கே ஓடுகிறது. குழியின் மணலையும் ஜல்லியையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே எடுத்து அலசிப் போட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே திருப்பிவிடக் குழாயில் ஒரு அடைப்பானும் வேண்டும்.