டேப் டிரைவ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மும்பை மாட்டுங்காவில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், அலமாரி முழுக்க ஹார்டு டிஸ்க்கை அடுக்கி வைத்துக்கொண்டு, டேட்டா சேமிக்கும் காந்த டேப்புக்கு மாறினால் செலவு குறையுமா என்று கேட்டார். குறையும், ஆனால் எல்லோருக்கும் இல்லை.

டேப் மலிவு, பணத்தை விழுங்குவது அதில் எழுதிப் படிக்கும் டிரைவ்தான். எல்டிஓ என்பது டேப்பின் வகை, கூட வரும் எண் அதன் தலைமுறை. எல்டிஓ-8 டேப்பில் 12 டிபி (டெராபைட்) பிடிக்கும், எல்டிஓ-9ல் 18. அட்டையில் 30, 45 என்று போட்டிருப்பது 2.5 மடங்கு சுருங்கும் என்ற நம்பிக்கையில் எழுதியது. வீடியோ ஏற்கெனவே சுருக்கிய சரக்கு, இதற்கு மேல் சுருங்காது. சாதாரண பிசியில் டிரைவை இணைக்க எஸ்ஏஎஸ் கார்டும் தனியாகப் போட வேண்டும். சரி, இப்போது டிரைவ், கார்டு இரண்டின் விலையையும் கூட்டி, ஹார்டு டிஸ்க்கைவிட டேப்பில் ஒரு டிபிக்கு எவ்வளவு மிச்சமாகிறதோ அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 3 லட்சம் முதலீடு, டிபிக்கு 1,000 ரூபாய் மிச்சம் என்றால் 300 டிபி எழுதிய பிறகுதான் போட்ட காசு திரும்பும். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தால் அதற்கு 150 டிபி டேட்டா போதும்.

விலையைப் பார்த்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் பழைய டிரைவ் தேடத் தோன்றும். நானும் ஒரு எல்டிஓ-5 வாங்கினேன், நன்றாக எழுதியது, ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது பாதியில் நின்றது, டேப்பில் எழுதிப் படிக்கும் முனையான ஹெட் தேய்ந்திருந்தது. கடையிலேயே ஒரு டேப் முழுக்க எழுதி, படித்துக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். தலைமுறைப் பொருத்தமும் முக்கியம்: எல்டிஓ-7 டிரைவ் எல்டிஓ-5 டேப்பைப் படிக்கும், எல்டிஓ-8 டிரைவோ எல்டிஓ-7க்குக் கீழே தொடாது.

டேப்பை ஒழுங்காக வைத்தால் 30 வருடம் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. டிரைவ் கெட்டாலும் பெரும்பாலும் டேப்பில் உள்ளது பிழைத்துக்கொள்ளும், இன்னொரு டிரைவில் படிக்கலாம். டிஸ்க் போனால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே போகும். ஆனால் எழுதும்போது டிரைவுக்கு டேட்டா என்ற தீனி குறையக் கூடாது. மெதுவான யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து எழுதினால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி, ஹெட்டையும் தன்னையும் தேய்த்துக்கொள்ளும். அதனால் முதலில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து எழுதுங்கள். அப்புறம் மும்பை ஈரம்: டேப்பைப் பெட்டியோடு நிமிர்த்தி, ஏசி அறையில் வையுங்கள், தரைத்தளத்தில் வேண்டவே வேண்டாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது.

நண்பரிடம் மொத்தமே 40 டிபிதான். டேப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு செட் டிஸ்க் வாங்கி, செம்பூரில் அக்கா வீட்டு மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறார்.