மேக்கில் எழுத மறுத்த பென் டிரைவ்

ஏற்காட்டு விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, ஒருமுறை சார்ஜ் செய்தால் நெடுநேரம் தாங்கும் என்பதற்காகவே, எங்கள் வீட்டில் எவருக்கும் பழக்கமில்லாத ஆப்பிளின் மேக் வகைக் கணினியான மேக்புக் ஏரை முதல் மடிக்கணினியாகச் சேலத்தில் வாங்கினேன். வீட்டு விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய பென் டிரைவை அதில் செருகியபோது பழைய பாடக் குறிப்புகள் திறந்தன. புதிய கோப்பு எதுவும் பதியவில்லை. பென் டிரைவ் பழுதென்று எண்ணி இன்னொன்று வாங்கியது என் அவசரம். விண்டோசுக்குரிய கோப்புச் சேமிப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யப்பட்ட பென் டிரைவை மேக் படிக்குமே தவிர, தானாக அதில் எழுதாது என்பது பிறகுதான் புரிந்தது. ஃபார்மேட் செய்தால் அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், கோப்புகளை முதலில் வீட்டுக் கணினியில் நகலெடுத்து வைத்துவிட்டு, விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுத்து விண்டோசிலேயே ஃபார்மேட் செய்தேன். இப்போது இரண்டு கணினிகளிலிருந்தும் அதில் எழுத முடிகிறது. பாடத்துக்குரிய மென்பொருள் மேக்கில் இயங்குமா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். நல்லவேளையாக, அவள் பாடத்துக்குத் தேவையான பைத்தான் நிரல்மொழி விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்குகிறது.