லண்டனில் இறங்கிய பின் ரயில் பயணம்: சலுகை டிக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்துவைக்கலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ இருக்கும் பிள்ளைகளிடம் சில மாதம் தங்கிவரக் கிளம்பும் பெற்றோருக்கு, விமான டிக்கெட் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி எழுந்துவிடுகிறது. ஹீத்ரோவில் இறங்கிய பிறகு ஏறவேண்டிய ரயிலுக்கு இப்போதே மலிவு டிக்கெட் எடுத்துவிடுவதா, இறங்கிய பின் பார்த்துக்கொள்வதா என்பதே அது.

இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து விடை தேடினால் தவறான முடிவுக்கே வருவோம். உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ 60 நாள் முன்னதாக முன்பதிவு தொடங்கிய காலையிலேயே டிக்கெட் எடுப்பது பெர்த் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான். முன்கூட்டி எடுத்ததற்காகக் கட்டணம் குறைவதில்லை. பிரிட்டனில் முன்பதிவு பெரும்பாலும் விலைக்காகச் செய்யப்படுகிறது. அங்கே பெரும்பாலான ரயில்களுக்கு அன்றைக்கே நிலையத்தில் டிக்கெட் வாங்கி ஏறிவிடலாம். இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டு போகவேண்டி வரலாமே தவிர, வெயிட்டிங் லிஸ்டில் மாட்டிக்கொண்டு பயணமே நின்றுபோகும் நிலை வராது. ஆகவே, முன்பதிவு செய்யாவிட்டால் அம்மாவும் அப்பாவும் லண்டனில் தவித்துப்போவார்கள் என்ற பயத்தை முதலில் விட்டுவிட்டு, பணக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

மலிவாகக் கிடைக்கும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். பணம் திரும்பக் கிடைக்காது. ‘ஆஃப்-பீக்’ டிக்கெட்டில் நெரிசல் நேரம் தவிர்த்த எந்த ரயிலிலும், ‘எனிடைம்’ டிக்கெட்டில் எந்த நேரத்து ரயிலிலும் ஏறலாம். அதற்கேற்ப விலையும் ஏறும். விமானம் தாமதமானதால் ரயிலைத் தவறவிட்டால் அதற்கு ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பயணத்துக்குரிய முதல் ரயில் தாமதமாகி இணைப்பு ரயில் தவறினால் அடுத்ததில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் விமானத்தை அந்தப் பயணத்தின் பகுதியாக அவர்கள் கருதுவதில்லை.

ஒருவருக்கு அட்வான்ஸ் 30 பவுண்டு, ஆஃப்-பீக் 70 பவுண்டு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முன்பதிவு செய்து ரயிலைப் பிடித்தால் செலவு 30. தவறவிட்டால் புது டிக்கெட்டையும் சேர்த்து 100. முன்பதிவே செய்யாவிட்டால் 70. மிச்சமாகும் 40 பவுண்டை, தவறவிட்டால் வாங்கவேண்டிய புது டிக்கெட்டின் 70 பவுண்டால் வகுத்தால் ஏறத்தாழ 57 சதவீதம் வரும். ரயிலைத் தவறவிடும் வாய்ப்பு அதற்குக் குறைவாக இருக்கும்வரை முன்பதிவே லாபம். வித்தியாசம் 10 பவுண்டு மட்டுமே, அதாவது 30க்கும் 40க்கும் இடையில்தான் என்றால், தவறவிடும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டினாலே நஷ்டம். எனவே முதலில் பார்க்கவேண்டியது அட்வான்ஸ் டிக்கெட்டின் விலையை அல்ல, அன்றைக்கு வாங்கினால் என்ன விலை என்பதையே. மாலை நெரிசல் நேரத்தில் சில வழித்தடங்களில் ஆஃப்-பீக் செல்லாது என்பதால், மதிய ரயிலைத் தவறவிடுபவர் அதைவிட உயர்ந்த கட்டணத்தில் போய் மாட்டலாம் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தவறவிடும் வாய்ப்பை மதிப்பிட, விமானம் தரையிறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஹீத்ரோவின் தானியங்கி வாயில்களைப் பயன்படுத்த முடியாது; அதிகாரி அமரும் வரிசையில்தான் நிற்கவேண்டும். பிறகு பெட்டிகள். பிரவுன் டேப் சுற்றி, நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி சில சமயம் வழக்கமான பெல்ட்டில் வராமல், அளவு மீறிய லக்கேஜ் வரும் மூலையில் வந்து கிடக்கும். அங்கே போய்த் தேட எல்லோருக்கும் தோன்றுவதில்லை. பால்கோவா, நெய் போன்ற பால் பொருட்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அதிலும் நேரம் போகும். அதற்குப் பிறகும் ஊருக்குள் போகவேண்டும்: லீட்ஸ் ரயில் கிளம்பும் கிங்ஸ் கிராஸுக்குப் பிக்கடில்லி பாதாள ரயிலில் மாறாமல் போகலாம், சுமார் ஒரு மணி நேரம் ஆகும், மான்செஸ்டர் ரயில் கிளம்பும் யூஸ்டனுக்கு இடையில் மாறவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தரையிறங்கும் நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் கழித்துக் கிளம்பும் ரயிலுக்குக் குறைவாக எதையும் முன்பதிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து.

எந்த வழியில் பறக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து நேரடி விமானம் என்றால், தாமதமானாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தோடு முடிந்துவிடும். திருச்சியிலிருந்து கொழும்பு வழியாகவோ வளைகுடா வழியாகவோ போகும்போது இணைப்பு விமானம் தவறினால் சென்று சேர்வது மறுநாளாகவும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அந்த மாதங்களில் சலுகை டிக்கெட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏற்கெனவே அட்வான்ஸ் டிக்கெட் எடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த ரயில் கிளம்புவதற்கு முன் மாற்றினால், 10 பவுண்டு வரையிலான கட்டணமும் விலை வித்தியாசமும் செலுத்தி வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளம்பிய பிறகு அந்த டிக்கெட்டுக்கு மதிப்பில்லை. எனவே டிக்கெட் எடுத்த மகனோ மகளோ அன்று விமானத்தின் நிலையை இணையத்தில் கவனித்துக்கொண்டிருந்து, தாமதம் தெரிந்தவுடன் மாற்றிவிடவேண்டும். சில நிறுவனங்கள் அன்றைக்கேகூட, ரயில் கிளம்பச் சற்று முன்புவரை அட்வான்ஸ் டிக்கெட் விற்கின்றன. பெட்டிகள் கைக்கு வந்தபின் கைபேசியில் பார்த்தால் ஓரளவு மலிவாகவே கிடைத்துவிடலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் செய்வதானால் எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. ‘டூ டுகெதர்’ ரயில்கார்டு என்னும் சலுகை அட்டையின் விலை 2025 மார்ச்சில் 35 பவுண்டாக உயர்ந்தது; அட்டை ஓராண்டு செல்லும். அதில் பெயருள்ள இருவரும் சேர்ந்து போனால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆஃப்-பீக் டிக்கெட்டுக்கும் அது பொருந்தும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் மட்டும் செல்லாது. மேலே சொன்ன 70 பவுண்டு டிக்கெட் இரண்டுக்கு 46 பவுண்டுக்கு மேல் மிச்சமாவதால், கார்டின் விலை முதல் பயணத்திலேயே வந்துவிடும். எந்த ரயிலுக்கும் கட்டுப்படவேண்டியதில்லை. பிள்ளைகள் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போகிறார்கள் என்றால் அட்வான்ஸ் எடுக்கலாம். பெற்றோர் தனியாக ரயிலேறவேண்டும் என்றால் இந்தக் கார்டும் ஆஃப்-பீக் டிக்கெட்டும் போதும்.

தவறிய ரயிலின் டிக்கெட்டோடு அடுத்த ரயிலில் ஏறிவிட்டு, டிடிஇயிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். புது டிக்கெட்டுக்கான முழுக் கட்டணமோ அபராதமோ கட்டவேண்டிவரும். இங்கிலாந்தில் 2023 முதல் அபராதக் கட்டணம் 100 பவுண்டும் அதற்கு மேல் டிக்கெட் விலையும் ஆகும், 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 பாதியாகும். பெற்றோருக்கு இதை விமானம் ஏறுமுன்பே சொல்லிவைக்கவேண்டும்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டியதில்லை. அங்கும் ‘ஷ்பார்ப்ரைஸ்’ என்னும் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆனால் பல விமான நிறுவனங்கள் விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் ‘ரயில் அண்ட் ஃப்ளை’ டிக்கெட், வந்திறங்கும் நாளிலும் மறுநாளிலும் எந்த ரயிலிலும் செல்லுபடியாகும். பிரான்ஸில் நிலைமை மாறுகிறது: டிஜிவி எனப்படும் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம் என்பதால், விடுமுறைக் காலத்தில் இறங்கிய பின் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் இடமில்லாமல் போகலாம். அங்கே மாற்றிக்கொள்ள வசதியுள்ள டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பதே சரி.

ஊர் திரும்பும் பயணத்தில் ரயில்தான் முதலில் வருகிறது என்பதால், விமானத் தாமதம் டிக்கெட்டைக் கெடுக்காது. அதற்கு அட்வான்ஸ் டிக்கெட்டைத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டிய கடைசி ரயிலுக்கு அல்ல, அதற்கு முந்தையதற்கு.