பழைய பேக்-மேன் பெட்டி: கறுப்பு ஒயரை நம்பாதீர்கள்

1980இல் ஜப்பானின் நாம்கோ உருவாக்கிய பேக்-மேன் விளையாட்டை அமெரிக்காவில் மிட்வே நிறுவனம், காசு போட்டு ஆடும் மஞ்சள் நிற வீடியோ விளையாட்டுப் பெட்டிகளில் வைத்து விற்றது. அப்படி ஒரு பெட்டி கைக்கு வந்தால் யாருக்கும் முதலில் வரும் ஆசை, பிளக்கைச் செருகிப் பார்த்துவிடலாமே என்பதுதான். அந்த ஆசையை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பெட்டிக்குள் எலி கடித்த ஒயர் இருக்கலாம். எர்த் பின்னை யாரோ முறித்துவிட்ட பிளக் இருக்கலாம். பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. கனெக்டர் எதையும் கழற்றுவதற்கு முன் செல்பேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை 230 வோல்ட் ஊருக்குக் கொண்டுவந்திருந்தால், 120 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவிட்சின் பக்கமே போகக் கூடாது.

அடுத்த தவறு நிறத்தை நம்புவது. நம் ஊர் ஒயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று பழகிய கைகளுக்கு இது பெரிய பொறி. அமெரிக்க ஒயரிங்கில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். போதாக்குறைக்கு, அதே பெட்டியின் குறைந்த மின்னழுத்தப் பகுதியில் கறுப்பு, மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயரான கிரவுண்டாகவும் வரும். ஒரே நிற ஒயர் ஓரிடத்தில் ஆளைக் கொல்லும், ஓரடி தள்ளி ஒன்றும் செய்யாது. முன்பு பழுதுபார்த்தவர் கையில் கிடைத்த ஒயரைக் கொண்டு ஒட்டுப்போட்டிருந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். ஒயர் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலியால் உறுதிசெய்யுங்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் இரண்டு வகைப் பாவம் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: எரிந்த ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடுவது. மற்றது, கண்ணாடிக்குள் கம்பி முழுதாகத் தெரிகிறது, எனவே நல்ல ஃபியூஸ் என்று விட்டுவிடுவது. முனையிலுள்ள உலோக மூடிக்குள்ளே மறைவாகவும் கம்பி அறுந்திருக்கும். கழற்றி வெளியே வைத்துச் சோதியுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து, அதைப் பிடித்திருக்கும் கவ்வி பச்சைக் களிம்பேறிக் கிடப்பதும் உண்டு.

எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கும் தவறு ஒன்று. ஆட்டத்தை நடத்தும் சில்லுகள் உள்ள போர்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று கனெக்டரில் மீட்டரை வைத்தேன், பூஜ்யம் காட்டியது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று முடிவுகட்டி, வேறொன்று தேடி ஒரு வாரம் அலைந்தேன். மீட்டர் டி.சி. நிலையில் இருந்திருக்கிறது. பேக்-மேனில் பெட்டியின் அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 7 வோல்ட் ஏ.சி.யையே மேலே அனுப்புகிறது. அதை டி.சி.யாக மாற்றி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவரும் வேலை போர்டிலேயே நடக்கிறது.

இந்தப் பெட்டியின் தீராத வியாதி போர்டு செருகப்படும் 44 முனைக் கனெக்டர். மின்சாரம் வரும் முனைகளைப் பாருங்கள்: பழுத்த வாழைத்தோல் போலக் கறுத்திருக்கும். தொடுமுனை சற்றுத் தளர்ந்தால் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். இதை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் முலாமையும் சேர்த்தே தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். பென்சில் அழிக்கும் ரப்பரும் சிறிது ஆல்கஹாலும் அழுக்கைப் போக்கும். கறுத்துப்போன கனெக்டரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றாமல் சமாளிப்பவர்கள் செய்வது இதைவிட மோசம். பழைய ஏற்பாட்டை நீக்கி, 5 வோல்ட் தரும் புதிய பவர் சப்ளை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட கனெக்டரில் 0.1 ஓம் தடை, ஓடுவது 4 ஆம்பியர் என்றால் வழியிலேயே 0.4 வோல்ட் காணாமல் போகும். போர்டுக்கு 4.6தான் கிடைக்கும். போர்டில் உள்ள, டி.டி.எல். என்ற அந்தக் கால வகைச் சில்லுகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேண்டும். உடனே சப்ளையின் திருகைத் திருப்பி 5.4 ஆக்குகிறார்கள், ஆட்டமும் ஓடுகிறது. பிறகு ஒருநாள் கனெக்டரைச் சுத்தம் செய்ததும் அந்த 5.4 கிட்டத்தட்ட முழுதாகவே சில்லுகளில் இறங்குகிறது. அளவைச் சப்ளையில் எடுக்காதீர்கள். போர்டில் உள்ள இசட்80 செயலியின் 11ஆம் காலுக்கும் 29ஆம் காலுக்கும் இடையே, ஆட்டம் ஓடும்போது எடுங்கள். மீட்டர் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரைப் பற்றி ஒரு கண்டிப்பு. இந்தப் பெட்டிகளில் பரவலாக இருந்த எலெக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மானிட்டர்களுக்கு, சுவரிலிருந்து நேரடியாக வராமல், சுவர் மின்சாரத்தின் தொடர்பைப் பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் வர வேண்டும். புது சப்ளை வைக்கும் உற்சாகத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிந்துவிட்டு மானிட்டரை நேரே இணைத்தால், அதன் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் நிற்கும். எர்த்தைத் தொட்ட கணம் ஏதாவது வெடிக்கும். பிக்சர் டியூபில் ஏறுவது ஏறத்தாழ 20,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். டியூபை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

பின்கதவைத் திறந்ததும் மொத்தப் பெட்டியும் அணைந்தால் பதற வேண்டாம். பல பெட்டிகளில் கதவோரம் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அது தன் வேலையைச் செய்கிறது. அதை ஒயர் போட்டு நிரந்தரமாக இணைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஜாய்ஸ்டிக். மேலே போகிறது, மற்ற மூன்று திசைகளும் செத்துவிட்டன என்றால் பலர் மூன்று சுவிட்சுகளையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். நான்கு சுவிட்சுகளுக்கும் கிரவுண்ட் ஒயர் பொதுவாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக ஓடும். முதல் சுவிட்சுக்குப் பிறகு ஓரிடத்தில் அறுந்தால் மீதி மூன்றும் ஊமையாகிவிடும். அந்த ஒயரை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள்; பற்றவைப்பு விட்ட முனை கையோடு வந்துவிடும்.